பிஸ்கட் கேக்கும் ஒரு கோடி நாணயங்களும்

வளர்ப்பு நாய்க்குப் பிறந்தநாள் விழா எடுப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. மனிதர்களே தம் பிறந்தநாளை மறந்து உழைத்துக்கொண்டிருக்கும் உலகில், நாளும் கிழமையும் அறியாத ஒரு பிராணிக்குக் கேக் எதற்கு, மெழுகுவர்த்தி எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட ஒரு நாயின் பிறந்தநாளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் நாய். அதன் கதையைத் தொட்டால் எண்ணெய் வயல்களும், லஞ்சப் பணமும், ஒரு தேசத்தின் கண்ணீரும் கூடவே வருகின்றன. அதை வாசக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நாயின் பெயர் லாடி பாய். ஏர்டேல் டெரியர் இனம். சுருட்டை ரோமமும் நீண்ட முகவாயும் கொண்டது. 1920ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று பிறந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் இருந்த ஒரு நாய்ப் பண்ணை அதனை வாரன் ஹார்டிங்குக்குப் பரிசாக அளித்தது. ஹார்டிங் 29ஆவது ஜனாதிபதியாகப் பதவியேற்றது 1921 மார்ச் 4. மறுநாளே லாடி பாய் வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தது. புதிய எஜமானரும் புதிய நாயும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த வீட்டுக்குள் குடியேறினார்கள் என்று சொல்லலாம்.

வெள்ளை மாளிகையில் நாய்கள் அதற்கு முன்பும் இருந்தன. தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் அது ஒரு சிறு மிருகக்காட்சி சாலையாகவே இருந்தது. முதல் உலகப்போரின்போது உட்ரோ வில்சன் புல்வெளியில் ஆடுகளை மேயவிட்டார். ஆனால் செய்தித்தாள்கள் நாள்தோறும் பின்தொடர்ந்து எழுதிய முதல் நாய் லாடி பாய்தான். அமைச்சரவைக் கூட்டங்களில் அமர்வதற்கு அதற்கென்று கைவேலைப்பாடுள்ள தனி நாற்காலி இருந்தது. காலையில் செய்தித்தாளைக் கவ்விவந்து ஜனாதிபதியிடம் கொடுக்க அது பழக்கப்படுத்தப்பட்டிருந்தது. அதன் உருவத்தில் ஆயிரம் சிறு வெண்கலப் பொம்மைகளைச் செய்வித்து, ஹார்டிங் தம் ஆதரவாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அதன் பிறந்தநாளைக் கொண்டாடியபோது அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் விருந்துக்கு அழைக்கப்பட்டன. நாய் பிஸ்கட்டுகளால் ஆன கேக் பரிமாறப்பட்டது.

இந்த விருந்தை வெறும் வேடிக்கையாக எண்ணிவிட முடியவில்லை. ஹார்டிங் ஒரு பத்திரிகைக்காரர். 1884இல், இருபது வயது நிறையும் முன்பே, கூட்டாளிகளுடன் சேர்ந்து மரியன் ஸ்டார் என்ற நொடித்துப்போன சிற்றூர்ப் பத்திரிகையை விலைக்கு வாங்கி, அதைத் தூக்கி நிறுத்தியவர். அச்சுக்கோக்கவும் தெரியும், தலையங்கம் எழுதவும் தெரியும். வாசகன் எதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வான் என்பதும் தெரியும். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் அந்தப் பத்திரிகையின் விநியோகத்தைப் பல ஆண்டுகள் நேரடியாகக் கவனித்தவர். வீடுவீடாகப் பத்திரிகை போடும் பையன்களைத் திரட்டிப் பழக்கியவர். உலகப்போரிலும், நோயுற்று மறைந்துகிடந்த வில்சனின் கடைசி மாதங்களிலும் மூடிக்கிடந்த வெள்ளை மாளிகைக் கதவுகளைத் திறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள இந்தத் தம்பதியருக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. புல்வெளியில் ஓடிவரும் நாயைவிட நல்ல அடையாளம் வேறு எது?

ஆனாலும் அது வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. ஹார்டிங்கின் பிராணி நேசம் பதவிக்கு முந்தியது. மரியனில் அவர் வளர்த்த ஹப் என்ற நாயை யாரோ விஷம் வைத்துக் கொன்றபோது, அதற்காகத் தம் பத்திரிகையில் உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். அன்று அவருக்கு அதனால் ஒரு வாக்கும் கிடைத்திருக்காது. ஃப்ளோரன்சும் பிராணிவதைக்கு எதிராக உண்மையான ஈடுபாட்டுடன் உழைத்தவர். உண்மையான அன்பும் கணக்குப் போட்ட விளம்பரமும் ஒரே கேக்கில் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்க்க முடியாது. ஹார்டிங்குக்கே பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகமே.

*

லாடி பாய்க்கு முதல் வயது நிறைந்த மாதத்தை எடுத்துக்கொள்வோம். 1921 ஜூலை. அமெரிக்கா கடுமையான பொருளாதார மந்தத்தில் இருந்தது. போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்கள், தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலை 12 அன்று ஹார்டிங் தாமே செனட் சபைக்குப் போய், கஜானா தாங்காது, இப்போது வேண்டாம் என்று பேசினார். அடுத்த ஆண்டு அந்த மசோதா நிறைவேறி வந்தபோதும் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவர் செனட்டில் பேசிய ஐந்தாம் நாள், ஜூலை 17 அன்று, வாஷிங்டன் ஸ்டார் பத்திரிகையில் லாடி பாயின் ‘பேட்டி’ வெளியானது. அரசியல் முதல் மதுவிலக்கு வரை சகலத்தையும் பற்றி நாய் கருத்துச் சொல்லியது. காவல் நாய்களுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்றும் அது கோரியது. வாசகர்கள் சிரித்திருப்பார்கள். எட்டு மணி நேர வேலைக்காக அப்போதும் போராடிக்கொண்டிருந்த உருக்காலைத் தொழிலாளர்கள் அதைப் படித்தார்களா, படித்துவிட்டுச் சிரித்தார்களா என்பதற்குச் சான்று இல்லை.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கூர்மையானது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1915ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை பெறாத வெளிநாட்டினர் நாய் வளர்க்கக் கூடாது. வேட்டைப் பிராணிகளைக் காப்பதற்கு என்று காரணம் சொன்னாலும், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைக்கு வந்து குவிந்த ஏழை ஐரோப்பியர்கள் மீதான வெறுப்பு அதில் வெளிப்படையாகவே தெரிந்தது. அந்தச் சட்டத்தின்படி ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவரின் நாயைக் கொன்றுவிட உத்தரவாயிற்று. செய்தி ஹார்டிங்கின் காதுக்கு எட்டியது. அவர் அந்த மாநில ஆளுநருக்குக் கருணை கோரி எழுதினார். நாய் பிழைத்துக்கொண்டது.

மனம் நெகிழ வைக்கும் செய்திதான். ஆனால் இதே ஹார்டிங்தான் 1921 மே 19 அன்று அவசர ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் நூற்றுக்கு மூன்று பேர் மட்டுமே இனி ஆண்டுதோறும் அந்த நாட்டிலிருந்து வரலாம் என்றது அந்தச் சட்டம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தவர்களுக்குக் கதவு பெருமளவு சாத்தப்பட்டது. ரஷ்யக் குடியேறியின் நாய்க்காகக் கடிதம் எழுதிய கை, ரஷ்யாவிலிருந்து வரவிருந்தவனுக்கு எதிராகவும் கையெழுத்திட்டது.

இதை அவரது பாசாங்கு என்று நான் எண்ணவில்லை. கண்ணெதிரே வந்து நிற்கும் ஒரு ஜீவனுக்கு இரங்கக்கூடியவர் ஹார்டிங். போரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்த சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்சை 1921 கிறிஸ்துமஸ் நாளில் விடுவித்து, வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துக் கைகுலுக்கியவர். முகம் தெரிந்தால் இரங்குவார். புள்ளிவிவரமாக மாறிவிட்டால் இரக்கம் எட்டாது. இது ஹார்டிங்குக்கு மட்டும் உரிய குறையும் அல்ல.

*

முகம் தெரிந்தவர்களிடம் இரங்குபவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நண்பர்களிடம் அவரால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஒஹாயோவிலிருந்தும் செனட் சபையிலிருந்தும் ஹார்டிங்கோடு பலர் ஆட்சிக்குள் வந்தார்கள். லாடி பாயின் நாற்காலி இருந்த அதே அறையில், உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் அமர்ந்திருந்தார். நாட்டின் கடற்படைக்காக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த எண்ணெய் வயல்களை அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வயோமிங்கில் இருந்த டீபாட் டோம் வயலை 1922 ஏப்ரலில் ஹாரி சின்கிளேரின் நிறுவனத்துக்குப் போட்டி ஏலமின்றிக் குத்தகைக்கு விட்டார். கலிஃபோர்னியாவின் எல்க் ஹில்ஸ் வயல் எட்வர்ட் டொஹினிக்குப் போனது. அதற்கு முன்பே, 1921 நவம்பரில், டொஹினியின் மகன் ஒரு சிறு கறுப்புப் பையில் ஒரு லட்சம் டாலர் ரொக்கத்தை ஃபாலிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். போர் வீரர்கள் நலப் பணியகத்தின் தலைவர் சார்லஸ் ஃபோர்ப்ஸ், காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைகளுக்கான பொருட்களை அடிமாட்டு விலைக்கு விற்றுவந்தார். ஊக்கத்தொகை கொடுக்கப் பணம் இல்லை என்று ஜனாதிபதி செனட்டில் சொன்ன அதே வீரர்களின் போர்வைகளும் கட்டுத்துணிகளும் அவை.

1923 வாக்கில் ஹார்டிங்குக்கு விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது. பிப்ரவரியில் ஃபோர்ப்ஸ் பதவி விலகினார். மார்ச்சில் அந்தப் பணியகத்தின் சட்ட ஆலோசகர் தற்கொலை செய்துகொண்டார். மே மாதம் சட்டத்துறை அமைச்சரின் நெருங்கிய சகா ஒருவரும் அவ்வாறே இறந்தார். எதிரிகளைத் தம்மால் சமாளிக்க முடியும், நண்பர்களால்தான் இரவில் தூக்கமின்றி நடந்துகொண்டிருக்கிறேன் என்ற பொருளில் அவர் பத்திரிகையாளர் வில்லியம் ஆலன் வொயிட்டிடம் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. இதைப் படித்தபோதுதான் அந்தப் பிறந்தநாள் விருந்து எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. வந்த விருந்தாளிகளில் பிஸ்கட்டுக்கு மேல் எதுவும் கேட்காதவை அந்த அக்கம்பக்கத்து நாய்கள் மட்டும்தான்.

1923 ஜூன் 20 அன்று ஹார்டிங் மேற்குப் பகுதிகளுக்கும் அலாஸ்காவுக்குமான நீண்ட பயணத்தைத் தொடங்கினார். லாடி பாய் வாஷிங்டனிலேயே இருந்தது. கப்பலில் கூட வந்த வணிகத்துறை அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவரிடம் அவர், ஆட்சிக்குள் ஒரு பெரிய ஊழல் நடந்திருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வெளிப்படுத்திவிடுவேன் என்றார் ஹூவர். ஹார்டிங் மேற்கொண்டு பேசவில்லை.

அலாஸ்காவிலிருந்து திரும்பும் வழியில் அவர் கனடாவின் வான்கூவர் நகரில் இறங்கினார். பதவியிலிருக்கும்போது கனடாவுக்கு வந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான். ஸ்டான்லி பூங்காவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த கூட்டத்தில் பேசினார். பிற்பகல் கோல்ஃப் ஆடப்போனவர், களைப்பினால் ஆட்டத்தை முடிக்க முடியாமல் திணறினார். அன்றைய தேதி ஜூலை 26. லாடி பாய்க்கு மூன்று வயது நிறைந்த நாள். அன்று அவர் அதை நினைத்துக்கொண்டாரா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மறுநாள் சியாட்டில் மைதானத்தில் பேசும்போது தடுமாறினார். ஆகஸ்ட் 2 மாலை, சான் ஃபிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டலில், மனைவி பத்திரிகைக் கட்டுரை ஒன்றைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. வயது 57.

எஜமானர் இறப்பதற்கு மூன்று நாட்கள் முன்பிருந்தே வெள்ளை மாளிகையில் லாடி பாய் ஊளையிட்டதாக ஒரு கதை பரவியது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஓர் இரங்கல் செய்திக்கு இப்படி ஒரு வரி தேவைப்பட்டது என்பதே என் ஊகம்.

*

தேசம் உண்மையாகவே அழுதது. கிழக்கு நோக்கிச் சென்ற சவப்பெட்டி ரயிலை இரவும் பகலும் தண்டவாளத்தின் ஓரமாக நின்று மக்கள் பார்த்தார்கள். அந்தத் துக்கத்தில் செய்தித்தாள் போடும் சிறுவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்த ஜனாதிபதி தங்களில் ஒருவர் என்று அவர்கள் கருதினார்கள். அவர் நினைவாக லாடி பாய்க்கு ஒரு சிலை வார்ப்பது என்று முடிவாயிற்று. 19,134 சிறுவர்கள் ஆளுக்கு ஒரு சென்ட் கொடுத்தார்கள். அந்தச் செப்பு நாணயங்களை உருக்கித்தான் சிலை செய்ய வேண்டும்.

சிலையைச் செய்தவர் பாஷ்கா பேஃப். மின்ஸ்க் நகரில் பிறந்து, குழந்தையாகப் பாஸ்டனுக்கு வந்த யூதப் பெண். பாஸ்டன் சுரங்க ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கூண்டில் வேலை பார்த்துக்கொண்டே சிற்பம் கற்றவர். ஒதுக்கீட்டுச் சட்டம் ஒரு தலைமுறை முன்னதாகவே வந்திருந்தால், அவர் அமெரிக்காவுக்குள் நுழைந்திருப்பாரா என்பது ஐயமே. லாடி பாயை முன்னால் உட்காரவைத்துப் பலமுறை பார்த்து அவர் அந்த உருவத்தை வடித்தார். நாயும் அப்போது பாஸ்டன் அருகில்தான் இருந்தது. வெள்ளை மாளிகையைவிட்டு வெளியேறிய ஃப்ளோரன்ஸ், தம் பாதுகாப்புக்கு இருந்த ரகசியக் காவல்துறை அதிகாரியிடம் லாடி பாயை ஒப்படைத்துவிட்டார். அந்த அதிகாரியின் நியூட்டன்வில் வீட்டில், அமைச்சரவையும் பேட்டிகளும் இல்லாமல், அது சாதாரண வீட்டு நாயாக வாழ்ந்தது.

சிலையைப் பெற்றுக்கொள்ள ஃப்ளோரன்ஸ் உயிரோடு இல்லை. 1924 நவம்பர் 21 அன்று அவரும் இறந்தார். 1927இல் அது ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. 19,134 நாணயங்கள் என்றால் 191 டாலர் 34 சென்ட். ஒரு நாணயம் 3.11 கிராம் எடை. எல்லாம் சேர்த்தால் அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆல்பர்ட் ஃபாலுக்குக் கறுப்புப் பையில் வந்த ஒரு லட்சம் டாலரை அதே நாணயங்களாக மாற்றினால் ஒரு கோடி நாணயங்கள், முப்பத்தோரு டன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட லாடி பாய் சிலைகளுக்குப் போதுமானது. சிறுவர்கள் நாணயம் கொடுத்த மாதங்களில்தான் செனட் விசாரணைக்குழு ஃபாலின் கணக்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தது. உருக்கிய வெண்கலம் அச்சில் ஆறுவதற்குள் ஹார்டிங்கின் பெயர் கெட்டுவிட்டது.

லாடி பாய் 1929 ஜனவரி 23 அன்று, வளர்த்தவரின் கைகளில் தலைவைத்தபடி இறந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாண்டு அக்டோபரில் ஃபால் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பதவிக்காலக் குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர். அவர் லஞ்சம் வாங்கியது நிரூபணமானது. அதே லஞ்சத்தைக் கொடுத்ததாக வழக்குத் தொடரப்பட்ட டொஹினி அடுத்த ஆண்டு விடுதலையானார். 1931 ஜூனில் மரியனில் ஹார்டிங்கின் நினைவு மண்டபத்தைத் திறந்துவைக்க வந்தவர் ஹூவர். அப்போது அவரே ஜனாதிபதி. நம்பிய நண்பர்களால் வஞ்சிக்கப்பட்டு மனம் கருகியவர் ஹார்டிங் என்று அந்த மேடையில் அவர் வெளிப்படையாகப் பேசினார். நாய்க்கு நாற்காலி போட்டிருந்த அமைச்சரவையில் தாமும் அமர்ந்திருந்தவர் அவர் என்பதை மறக்கக் கூடாது.

பின்னால் வந்த அரசியல்வாதிகள் லாடி பாயின் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். 1944 செப்டம்பர் 23 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தம் நாய் ஃபாலாவை முன்னிறுத்தி எதிரிகளைக் கேலி செய்தார். எட்டாண்டுகள் கழித்து அதே தேதியில், நிதி மோசடிப் புகாரிலிருந்து தப்ப ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் செக்கர்ஸ் என்ற நாயைச் சாட்சிக்கு அழைத்தார். இருவருமே வென்றார்கள். வாயில்லாப் பிராணியைவிடப் பாதுகாப்பான சாட்சி இல்லை. குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

மரியனில் ஹார்டிங்கின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அலாஸ்கா மக்கள் லாடி பாய்க்காக அளித்த, தங்கக் கட்டிகள் பதித்த கழுத்துப்பட்டை அங்கே வைக்கப்பட்டிருந்தது. 2012ஆம் ஆண்டு அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுபவர்களைப் பார்த்து இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த நாள் நாய்க்குத் தேவையில்லை, மனிதனுக்குத்தான் தேவைப்படுகிறது. தன்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒன்று வீட்டில் இருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சத்தமாகச் சொல்லிக்கொள்ள அவன் விரும்புகிறான். ஹார்டிங்குக்கு அந்தத் தேவை மற்ற எவரையும்விட அதிகமாக இருந்தது. கேக்கை வெட்டிக்கொடுத்த நேரத்தில், வந்திருந்த மற்ற விருந்தாளிகளின் கைகளையும் சற்றுக் கவனித்திருக்கலாம்.